சூரியனுக்குப் போகாமலே அதில் இரும்பு இருப்பது எப்படித் தெரியும்?

கேள்வி இதுதான்: "நட்சத்திரத்துக்குப் போய் யாரும் ஒரு கைப்பிடி அள்ளி வந்ததில்லை. அப்புறம் எப்படி ஹைட்ரஜன் இவ்வளவு, ஹீலியம் இவ்வளவு, இரும்பு இவ்வளவு என்று சதவீதக் கணக்கே சொல்கிறார்கள்? அதிலும் சூரியனில் ஹைட்ரஜன் 74 சதவீதம் என்று ஒரு புத்தகம், 71 என்று இன்னொன்று, 92 என்று வேறொன்று. எல்லாம் ஊகம்தானே?"

ஊகம் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு தனிமம் அங்கே இருக்கிறதா என்பது ஒன்று. எவ்வளவு இருக்கிறது என்பது இன்னொன்று. முதலாவதற்கு 1860 வாக்கிலேயே வழி கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது, அந்த அறுபது ஆண்டும் ஏறக்குறைய எல்லோரும் தப்பான விடையைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். பள்ளிப் பாடங்கள் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகின்றன. சுவாரசியம் இரண்டாவதில் இருக்கிறது என்பதால் அதற்கு அதிக இடம் தரப்போகிறேன்.

முதலில் ஓர் அடுப்புச் சோதனை. நீலமாக எரியும் சுடரில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் சுடர் பளிச்சென்று மஞ்சளாகும். வெறும் கண்ணுக்கு அவ்வளவுதான். அந்த மஞ்சளை ஒரு மெல்லிய பிளவு வழியாக விட்டு, முப்பட்டகத்தால் பிரித்துப் பார்த்தால், வானவில்லின் மஞ்சள் பட்டை முழுவதும் அங்கே இருக்காது. ஒட்டி நிற்கும் இரண்டே இரண்டு கோடுகள்தான் இருக்கும். ஒன்று 589.0 நானோமீட்டரில், மற்றது 589.6ல். உப்பில் உள்ள சோடியத்தின் கையெழுத்து அது. உப்புக்குப் பதில் சோடா மாவைத் தூவினாலும் அதே இடத்தில் அதே இரண்டு கோடுகள் வரும், ஏனென்றால் அதிலும் சோடியம் இருக்கிறது.

ஏன் அந்த இடத்தில் மட்டும்? அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரான் இஷ்டப்பட்ட ஆற்றலில் எல்லாம் இருக்க முடியாது. குறிப்பிட்ட சில மட்டங்கள்தான் அதற்கு உண்டு. ஒரு மட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக, இடைவெளி எவ்வளவோ சரியாக அவ்வளவு ஆற்றலை வாங்க வேண்டும் அல்லது கொடுக்க வேண்டும். பேரத்துக்கு இடமே இல்லாத கறார் விலை. சோடியத்தின் மஞ்சளுக்கு அந்த விலை சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு). ஆற்றல் இவ்வளவு என்றால் அலைநீளம் இவ்வளவு என்று நிச்சயமாகிவிடும், அலைநீளம் நிச்சயமானால் நிறமாலையில், அதாவது பிரித்து விரித்த வானவில்லில், அதன் இடமும் நிச்சயம். ஒவ்வொரு தனிமத்திலும் அணுக்கருவின் மின்னூட்டம் வேறு, எலக்ட்ரான்களின் எண்ணிக்கை வேறு, அதனால் மட்டங்களும் வேறு. இரண்டு தனிமங்களுக்கு ஒரே கோட்டுவரிசை அமைவதில்லை.

இந்தக் காரணம் புரிந்தது 1913ல் இயற்பியலாளர் நீல்ஸ் போர் தன் அணு மாதிரியைச் சொன்ன பிறகுதான். கோடுகளை வைத்து வேலை செய்ய ஆரம்பித்ததோ அதற்கு நூறு ஆண்டுகள் முன்பே. சூரிய ஒளியின் வானவில்லில் சில கறுப்புக் கோடுகள் குறுக்கே விழுந்திருப்பதை 1802ல் வோலஸ்டன் பார்த்தார். 1814ல் பவேரியாவில் ஜோசப் ஃபிரான்ஹோஃபர் அவற்றில் 574 கோடுகளைக் குறித்து வைத்து, தடித்தவற்றுக்கு எழுத்துகளால் பெயரும் இட்டார். ஃபிரான்ஹோஃபருக்கு சூரியனில் என்ன இருக்கிறது என்பதில் பெரிய அக்கறை இல்லை. அவர் கண்ணாடிக்காரர். நல்ல லென்ஸ் செய்ய, கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு வளைக்கிறது என்று துல்லியமாக அளக்க வேண்டும். அதற்கு அசையாத அடையாளக் குறிகள் வேண்டும். கறுப்புக் கோடுகள் அதற்கு வசதியாக இருந்தன, அவ்வளவுதான். ஆனாலும் ஒன்றை அவர் கவனித்தார். சூரியனில் "டி" என்று அவர் பெயரிட்ட கறுப்புக் கோடு, விளக்குச் சுடரில் தெரியும் மஞ்சள் கோடு இருக்கும் அதே இடத்தில் இருந்தது. ஏன் என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. 39 வயதில் இறந்துபோனார்.

பிரெஞ்சுத் தத்துவவாதி ஓகுஸ்த் கோம்த், நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்பதை எந்தக் காலத்திலும் அறியவே முடியாது என்று 1835ல் எழுதினார். இதற்காக அவரைக் கேலி செய்யாத அறிவியல் எழுத்தாளர் குறைவு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தடயம் அச்சாகி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியும் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட அன்று இல்லை.

படித்தவர் குஸ்தாவ் கிர்ஹாஃப். 1859, ஹைடல்பெர்க். அவர் செய்த சோதனை எளிமையானது. சூரிய ஒளி வரும் பாதையில் சோடியம் சுடர் ஒன்றை வைத்தார். சுடர் தரும் மஞ்சள் வெளிச்சம், சூரிய நிறமாலையில் இருக்கும் கறுப்பு "டி" கோட்டை நிரப்பிவிடும் என்பதுதான் எதிர்பார்ப்பு. சூரிய ஒளியை மங்கலாக விட்டபோது அப்படியேதான் நடந்தது. சூரிய ஒளியை முழு வலுவில் விட்டார். கோடு நிரம்புவதற்குப் பதில் முன்னைவிடக் கறுத்தது. விளக்கை வைத்தால் இருட்டு கூடுகிறது! இதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை: எந்த ஆவி எந்த நிறத்தை உமிழுமோ, அதே நிறத்தை அது விழுங்கவும் செய்யும். பின்னால் அதைவிடச் சூடான, எல்லா நிறமும் தரும் ஒளிமூலம் இருந்தால், விழுங்குவதுதான் மேலோங்கித் தெரியும். அப்படியானால் சூரியனின் சூடான அடிப்பகுதிக்கு மேலே, சற்றுக் குளிர்ந்த அடுக்கில், சோடியம் ஆவி இருக்கிறது.

இங்கே பலருக்கு ஒரு சந்தேகம் வரும், நியாயமான சந்தேகம். விழுங்கிய ஒளியை அணு உடனே திருப்பி உமிழ்ந்துவிடுமே, அப்புறம் ஏன் கறுப்பு? திருப்பி உமிழ்வது உண்மைதான், ஆனால் நம்மை நோக்கி வந்துகொண்டிருந்த ஒளியை அது எல்லாத் திசைகளிலும் சிதறவிடுகிறது. நம் பக்கம் வந்து சேர்வது கொஞ்சம்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தக் கோடுகள் உண்மையில் கறுப்பே அல்ல. சுற்றியுள்ள பிரகாசத்தோடு ஒப்பிட்டால் மங்கல், அவ்வளவே. கோட்டின் நடுப்பகுதியை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் பார்த்தால் கண் கூசும்.

கிர்ஹாஃபும் அவருடைய நண்பர் புன்சனும் தனிமம் தனிமமாகச் சுடரில் எரித்து, மின்பொறியில் ஆவியாக்கி, கோடுகளின் பட்டியல் போட்டார்கள். போகிற போக்கில் அதுவரை யாருக்கும் தெரியாத சீசியம், ருபிடியம் என்ற இரண்டு தனிமங்களையும் கோடுகளை வைத்தே கண்டுபிடித்தார்கள். இரும்புதான் பெரிய சாட்சி. இரும்பின் பிரகாசக் கோடுகளில் சுமார் 60ஐ எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் நேராகச் சூரியனில் ஒரு கறுப்புக் கோடு. இது தற்செயலாக இருக்குமோ? கிர்ஹாஃபே கணக்குப் போட்டார். ஒரு கோடு தற்செயலாகப் பொருந்த பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 60ம் பொருந்த வாய்ப்பு இரண்டில் ஒன்றை 60 முறை பெருக்கிய எண். அதாவது 1க்குப் பின்னால் 18 சுழியம் போட்ட எண்ணில் ஒன்றுக்கும் குறைவு. இதைத்தான் ஊகம் இல்லை என்கிறேன்.

நீங்களே பார்க்க வேண்டுமானால் பெரிய கருவி தேவையில்லை. ஒரு டிவிடியின் தடங்களுக்கு நடுவே 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளி, அதாவது மில்லிமீட்டருக்குச் சுமார் 1,350 தடங்கள். ஒளியை முப்பட்டகத்தைவிட நன்றாகப் பிரிக்கும். எழுதும் டிவிடியை விளிம்பில் கத்தியால் நெம்பினால் இரண்டு தகடுகளாகப் பிரியும். சாயத்தைக் கழுவிவிட்டு, தெளிந்த தகட்டில் ஒரு துண்டு வெட்டி, ஓர் அட்டைப்பெட்டியின் ஒரு முனையில் ஒட்டுங்கள். எதிர் முனையில் இரண்டு சவர பிளேடுகளை நெருக்கி வைத்து பிளவு செய்யுங்கள். நான் முதலில் செய்தபோது பிளவு ஒரு மில்லிமீட்டர் அகலம் இருந்தது. அழகான வானவில் கிடைத்தது, கோடு ஒன்றுகூட இல்லை. டிவிடி சரியில்லை என்று அதைத் திட்டிக்கொண்டு இரண்டு நாள் வீணாக்கினேன். குற்றம் பிளவில். காகிதத் தடிமனுக்குக் குறைத்ததும், வெயில் நேரத்து வானத்தின் ஒளியில் பச்சைப் பகுதியில் மக்னீசியத்தின் கோடுகளும், மஞ்சளில் சோடியமும், நீலப்பச்சையில் ஹைட்ரஜனும் மெல்லிய கீறல்களாகத் தெரிந்தன. பிளவு அகலமாக இருந்தால் ஒவ்வொரு நிறமும் பக்கத்து நிறத்தின் மேல் வழிந்து கோட்டை அழித்துவிடும். வானத்தை மட்டும் பாருங்கள், சூரியனை நேராக ஒருபோதும் வேண்டாம். பழைய சுருள் குழல் விளக்கு கிடைத்தால் அதையும் பாருங்கள். பாதரசத்தின் 546 நானோமீட்டர் பச்சைக் கோடு ஊசி மாதிரி நிற்கும்.

எந்தத் தனிமத்தோடும் பொருந்தாத கோடு கிடைத்தால்? இங்கேதான் மனிதர்களின் அவசரம் தெரிகிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணம். குண்டூரில் முகாமிட்டிருந்த பிரெஞ்சுக்காரர் ழான்சென், விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளின் நிறமாலையைப் பார்த்தார். அந்தக் கிரகணத்தைப் பார்த்தவர்களின் குறிப்புகளில் மஞ்சளில் ஒரு பிரகாசக் கோடு இருந்தது. சோடியமாக இருக்கும் என்றே பலரும் எண்ணினார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் லாக்யர் அளந்தபோது அது 587.6 நானோமீட்டரில், சோடியத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்தது. புதிய தனிமம் என்று முடிவு கட்டி, சூரியனின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் என்றார்கள். 1895ல் ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து அதே கோடு தரும் வாயுவைப் பிரித்தெடுத்ததும் வெற்றி முழுமையானது.

ஒரு தடவை ஜெயித்தால் போதும், மறுபடி மறுபடி அதையே செய்யத் தோன்றும். விண்வெளியில் மிதக்கும் வாயு மேகங்களான நெபுலாக்களில் 500.7 நானோமீட்டரில் ஒரு பச்சைக் கோட்டை 1864ல் ஹக்கின்ஸ் கண்டிருந்தார். அதற்கு "நெபுலியம்" என்று ஒரு தனிமத்தையே கற்பித்தார்கள். சூரியனின் புறவளையமான கொரோனாவில் 530.3 நானோமீட்டரில் இன்னொரு பச்சைக் கோடு, அதற்கு "கொரோனியம்". இரண்டும் பொய். முதலாவது, இரண்டு எலக்ட்ரான்களை இழந்த சாதாரண ஆக்சிஜன் என்று 1927ல் ஐரா போவன் காட்டினார். நெபுலாவின் வாயு அவ்வளவு அடர்த்தி குறைந்தது. அணுக்கள் ஒன்றோடொன்று மோதுவதே அபூர்வம் என்பதால், பூமியின் ஆய்வகத்தில் வர வாய்ப்பே இல்லாத ஒரு கோடு அங்கே நிதானமாக வெளிவருகிறது. இரண்டாவது இன்னும் விசித்திரம்: 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு. இரும்பை அந்த நிலைக்கு உரிக்க பத்து லட்சம் டிகிரிக்கு மேல் வேண்டும். ஆக, இல்லாத ஒரு தனிமத்தைத் தேடப்போய், சூரியனின் புறவளையம் அதன் மேற்பரப்பைவிட நூறு மடங்குக்கு மேல் சூடானது என்று தெரிய வந்தது.

கோடு தனிமத்தை மட்டும் சொல்வதில்லை, அந்தத் தனிமம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. இதை மறந்ததுதான் நான் முதலில் சொன்ன பெரிய தவறுக்குக் காரணம்.

சரி, இரண்டாவது கேள்வி. எவ்வளவு?

சூரிய நிறமாலையை யாராவது உங்கள் முன் விரித்து, இதில் எது அதிகம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கண் பார்க்கும் எல்லையில், ஊதா ஓரத்தில், 393.4லும் 396.8லும் இரண்டு பட்டையான கோடுகள், எல்லாவற்றையும்விடக் கறுப்பு. அவை கால்சியம். எங்கு பார்த்தாலும் ஆயிரக்கணக்கில் மெல்லிய கோடுகள், அவற்றில் பெரும்பங்கு இரும்பு. ஹைட்ரஜன் கோடுகள் ஏதோ சுமாராக நிற்கின்றன. ஆகவே சூரியன் என்பது கால்சியமும் இரும்பும் நிறைந்த, பூமி மாதிரியான சரக்கு, சூடேறியிருக்கிறது, அவ்வளவுதான். 1920 வரை பெரிய பெரிய வானியலாளர்கள் எண்ணியது இதுதான். கோடு கறுத்தால் சரக்கு அதிகம் என்பது பார்த்தவுடன் சரியாகத் தோன்றும் எண்ணம். தப்பு.

ஹார்வர்டில் ஆனி ஜம்ப் கேனன் கண்ணாடித் தகடுகளில் பதிந்த நிறமாலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வகை பிரித்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் மூன்றரை லட்சம் நட்சத்திரங்களைத் தாண்டினார். அவர் ஒழுங்குபடுத்திய வரிசையில் ஒரு புதிர் இருந்தது. நீல நிறச் சூடான நட்சத்திரங்களில் ஹீலியம் கோடுகள். கொஞ்சம் குளிர்ந்தால் ஹைட்ரஜன் கோடுகள் உச்சத்துக்குப் போகின்றன, அபிஜித் நட்சத்திரம் அந்த வகை. இன்னும் குளிர்ந்தால் ஹைட்ரஜன் மெலிந்து கால்சியமும் இரும்பும் ஏறுகின்றன, சூரியன் அங்கே. சிவந்த நட்சத்திரங்களில் மூலக்கூறுகளின் பட்டைகள். வெப்பநிலை மாற மாற நட்சத்திரத்தின் சரக்கே மாறிவிடுமா என்ன?

மாறுவது சரக்கு அல்ல என்று காட்டும் சமன்பாட்டை 1920ல் மேகநாத் சாகா தந்தார். ஒரு வாயுவின் வெப்பநிலையும் அழுத்தமும் தெரிந்தால், அதில் எத்தனை பங்கு அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனியாகியிருக்கும் என்று அதிலிருந்து கணக்கிடலாம். இதோடு, எத்தனை அணுக்கள் எந்த ஆற்றல் மட்டத்தில் இருக்கும் என்ற போல்ட்ஸ்மன் கணக்கையும் சேர்த்துக்கொண்டால் புதிர் அவிழ்கிறது.

கணக்கை ஒருமுறை கையால் போட்டே பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியும் ஹைட்ரஜன் கோடுகள், உதாரணமாக 656.3ல் உள்ள சிவப்புக் கோடு, எலக்ட்ரான் ஏற்கெனவே இரண்டாம் மட்டத்தில் இருந்தால் மட்டும் உண்டாகும். தரை மட்டத்திலிருந்து அங்கே போக 10.2 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,800 கெல்வின். அந்தச் சூட்டில் ஓர் அணுவுக்குச் சாதாரணமாகக் கிடைப்பது அரை எலக்ட்ரான் வோல்ட் அளவுதான். கணக்குப் போட்டால், ஏறக்குறைய 20 கோடி ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றுதான் இரண்டாம் மட்டத்தில் இருக்கும். மீதி எல்லாம் இருந்தும் இல்லாத மாதிரி, அந்தச் சிவப்பு ஒளிக்கு அவற்றின் மேல் எந்த அக்கறையும் இல்லை. அதே 20 கோடி ஹைட்ரஜன் அணுக்களோடு கலந்திருக்கும் கால்சியம் அணுக்கள் எத்தனை? சுமார் 400. ஆனால் அவற்றில் ஏறக்குறைய எல்லாமே ஒரு எலக்ட்ரானை இழந்து, தரை மட்டத்தில், ஊதா ஒளியை விழுங்கத் தயாராக நிற்கின்றன. 20 கோடிப் பேர் கூட்டத்தில் ஒருவர் கை தூக்குகிறார். 400 பேர் கூட்டத்தில் 400 பேரும் தூக்குகிறார்கள். தூக்கிய கைகளை மட்டும் எண்ணினால் எந்தக் கூட்டம் பெரிதாகத் தெரியும்?

10,000 கெல்வினுக்குப் போனால் ஹைட்ரஜனில் 35,000க்கு ஒன்று தயாராகிவிடும், கோடுகள் கொழுக்கும். 20,000க்கு மேல் பெரும்பாலான ஹைட்ரஜன் எலக்ட்ரானையே தொலைத்துவிடும், கோடுகள் மறுபடி மெலியும். கேனனின் வரிசை முழுவதும் சூட்டின் வரிசைதான்.

இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு கோடுகளிலிருந்து பின்னோக்கிப் போய், உண்மையான அணு எண்ணிக்கையை எடுத்தவர் செசிலியா பெய்ன். இங்கிலாந்திலிருந்து ஹார்வர்டுக்கு வந்த மாணவி, 1925ல் முனைவர் ஆய்வேட்டைக் கொடுத்தபோது வயது 25. சிலிக்கன், கால்சியம், இரும்பு போன்றவற்றின் விகிதம் பூமியில் இருப்பதை ஒட்டியே வந்தது. ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டும் எங்கோ போய்விட்டன. ஹைட்ரஜன் உலோகங்களைவிடப் பத்து லட்சம் மடங்கு என்ற அளவில் வந்தது. அன்று அமெரிக்க வானியலில் முதல் வரிசையில் இருந்த ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல், இது சாத்தியமே இல்லை என்று எழுதினார். அவர் சொல்லை மீறி அன்று ஒரு மாணவி பிழைத்துவிட முடியாது. அந்த இரண்டு எண்களும் பெரும்பாலும் உண்மையல்ல என்று ஆய்வேட்டில் பெய்னே எழுதிச் சேர்த்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1929ல், வேறு வழியில் ரஸ்ஸலே அதே முடிவுக்கு வந்தார். பெய்னின் வேலையைக் குறிப்பிடவும் செய்தார். ஆனாலும் வெகுகாலம் பெயர் ரஸ்ஸலுக்குத்தான் போனது.

அப்புறம் வந்தவை நுணுக்கங்கள், இருந்தாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அணுக்கள் கூடக் கூடக் கோடு அதே விகிதத்தில் வலுப்பதில்லை. முதலில் அணுக்கள் இரு மடங்கானால் கோடும் இரு மடங்கு. பிறகு நடுப்பகுதியில் விழுங்க ஒளி மிச்சமில்லாமல் போய், எத்தனை அணுக்கள் சேர்ந்தாலும் கோடு மசிவதில்லை. அதற்கும் மேல் போனால் ஓரங்கள் மட்டும் அகலமாக விரியும். எனவே இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கருகருவென்று நிற்கும் கோடுகளை விட்டுவிட்டு, கண்ணுக்கே தட்டுப்படாத ஒல்லிக் கோடுகளைத்தான் தேடிப் போவார்கள். உண்மையான எண்ணிக்கை அவற்றில்தான் இருக்கும்.

இன்னொரு எண்ணும் வேண்டும்: ஓர் அணு ஒரு குறிப்பிட்ட கோட்டை விழுங்க எவ்வளவு வாய்ப்பு என்பது. அதை ஆய்வகத்தில் அளக்க வேண்டும். 1960களில் ஒரு சங்கடம் இருந்தது. சூரிய மேற்பரப்பின் கோடுகளிலிருந்து கிடைத்த இரும்பு, விண்கற்களில் இருக்கும் விகிதத்தைவிடப் பத்தில் ஒரு பங்காக இருந்தது. சூரியனும் விண்கல்லும் ஒரே மேகத்திலிருந்து பிறந்தவை, இவ்வளவு வித்தியாசம் வரக்கூடாது. கடைசியில் பிழை ஆய்வக அளவீடுகளில் இருந்தது. அவற்றைத் திருத்தியதும் இரும்பு ஒரேயடியாகப் பத்து மடங்கு ஏறி, விண்கற்களோடு சேர்ந்துகொண்டது. 1864ல் பிரான்சில் விழுந்த ஓர்கெய் விண்கல், எளிதில் ஆவியாகும் தனிமங்களையும் லித்தியம் மாதிரி ஒன்றிரண்டையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், சூரியனோடு வியக்கும் அளவு ஒத்துப்போகிறது. லித்தியம் ஏன் ஒத்துப்போவதில்லை என்றால், சூரியன் தன் லித்தியத்தில் பெரும்பகுதியை உள்ளே எரித்துவிட்டது.

"யாரும் அள்ளி வந்ததில்லை" என்று கேட்டீர்களே, அதுவும் முழுக்கச் சரியில்லை. 2001ல் கிளம்பிய நாசாவின் ஜெனிசிஸ் விண்கலம், சூரியனிலிருந்து வீசும் துகள்களைத் தகடுகளில் பிடித்து 2004ல் கொண்டு வந்தது. பாராசூட் விரியாமல் யூட்டா பாலைவனத்தில் மோதி உடைந்தது. உடைந்த தகடுகளைப் பொறுக்கிச் சுத்தம் செய்து அளவுகளை எடுத்துவிட்டார்கள்.

நட்சத்திரத்தின் கோடுதானா, நடுவில் நம் காற்று போட்ட கோடா என்ற சந்தேகமும் வர வேண்டும். ஃபிரான்ஹோஃபர் "ஏ" என்றும் "பி" என்றும் பெயரிட்ட இரண்டு கோடுகளும் சூரியனுடையவையே அல்ல, பூமியின் ஆக்சிஜன். பிரித்தறிய ஓர் அழகான வழி இருக்கிறது. சூரியன் சுழல்கிறது. ஒரு விளிம்பு விநாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது, எதிர் விளிம்பு அதே வேகத்தில் விலகுகிறது. இரண்டு விளிம்புகளின் நிறமாலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நகரும் பொருளின் ஒளி அலைநீளம் மாறித் தெரியும் டாப்ளர் விளைவால் சூரியக் கோடுகள் எல்லாம் மயிரிழை இடம் மாறியிருக்கும். நம் காற்றின் கோடுகள் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும்.

இந்த முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கோடுகள் சொல்வது தோலைப் பற்றி மட்டும். சூரியனின் ஆரம் ஏறத்தாழ 7 லட்சம் கிலோமீட்டர், நாம் படிக்கும் ஒளி வருவது மேலே சில நூறு கிலோமீட்டர் அடுக்கிலிருந்து. மையத்தில் ஹைட்ரஜன் எரிந்து ஹீலியம் குவிந்து கிடக்கிறது, நிறமாலையில் அதன் சுவடே இருக்காது. சில நட்சத்திரங்களில் மட்டும் உள்ளே சமைந்தது மேலே கிளறி வரும். 1952ல் பால் மெரில் சில சிவப்பு அசுர நட்சத்திரங்களில் டெக்னீசியத்தின் கோடுகளைக் கண்டார். டெக்னீசியம் நிலையற்றது, அதன் நீண்ட ஆயுள் கொண்ட ஐசோடோப்புக்கே அரை ஆயுள் சுமார் 42 லட்சம் ஆண்டுகள்தான். நட்சத்திரத்தின் வயதோ அதைவிடப் பல நூறு மடங்கு. பிறக்கும்போதே இருந்திருந்தால் என்றோ அழிந்திருக்கும். ஆகவே அங்கேயே, அண்மையில் உண்டானது. நட்சத்திரங்கள் தனிமங்களைச் சமைக்கின்றன என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது.

எதிர்முனையில், கோடு இல்லாததும் செய்திதான். 2014ல் அறிவிக்கப்பட்ட ஒரு பழைய நட்சத்திரத்தில் இரும்புக் கோடு ஒன்றுகூடத் தென்படவில்லை. அப்படியானால் அதன் இரும்பு சூரியனில் இருப்பதில் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. நட்சத்திரங்களின் முதல் தலைமுறை மடிந்த கையோடு பிறந்தது அது.

இனி அந்த மூன்று எண்கள். 92 என்பது அணுக்களை எண்ணினால் வருவது: சூரியனின் மேற்பரப்பில் நூறு அணுக்களை எடுத்தால் 92 ஹைட்ரஜன், கிட்டத்தட்ட 8 ஹீலியம், மற்றதெல்லாம் சேர்ந்து ஓர் அணுகூடத் தேறாது. 74 என்பது அதே சரக்கை நிறுத்தால் வருவது. ஹீலியம் அணு நான்கு மடங்கு கனம் என்பதால் அதன் பங்கு 25 சதவீதத்துக்கு ஏறி, ஹைட்ரஜன் இறங்குகிறது. 71 என்பது சூரியன் பிறந்தபோது இருந்த கலவையின் எடைக் கணக்கு. 460 கோடி ஆண்டுகளில் கனமானவை மெல்ல உள்ளே இறங்கிவிட, மேற்பரப்பில் ஹைட்ரஜன் விகிதம் கொஞ்சம் கூடியிருக்கிறது. மூன்றும் சரி. எது எதைச் சொல்கிறது என்று புத்தகம் எழுதியவர்கள் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அந்த 25 சதவீத ஹீலியத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சூரியனின் பெயரையே வாங்கிக்கொண்ட தனிமம், ஆனால் சூரிய மேற்பரப்பின் சாதாரண நிறமாலையில் அதன் கோடு இல்லை. அந்த மஞ்சள் கோட்டுக்கு எலக்ட்ரான் 20 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்க வேண்டும், 5,800 கெல்வினில் அது நடக்காத காரியம். மேற்பரப்புக்கு மேலே உள்ள மெல்லிய அடுக்கான நிறக்கோளத்தில்தான் தெரியும், அதனால்தான் கிரகணம் தேவைப்பட்டது. எனவே ஹீலியத்தின் அளவைக் கோடுகளிலிருந்து எடுக்கவில்லை. சூரியன் ஒரு மணி மாதிரி ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது, அந்த அதிர்வுகளிலிருந்து எடுத்தார்கள். இதிலும் ஒரு வழக்கு இன்னும் முடியவில்லை. 2000க்குப் பிறகு கோடுகளை மேம்பட்ட முப்பரிமாண மாதிரிகளால் மறுபடி அலசியபோது ஆக்சிஜன், கார்பன் எல்லாம் முன்பு நினைத்ததைவிடக் கணிசமாகக் குறைந்தன. ஹைட்ரஜனும் ஹீலியமும் போக மிச்சம் உள்ள கனத் தனிமங்களின் பங்கு 1.34 சதவீதம் என்று 2009ல் கணக்கு வந்தது, அதற்கு முன் இருந்தது 1.7க்கும் 1.9க்கும் இடையில். அதிர்வுகளின் கணக்குக்குப் பழைய எண்தான் பொருந்துகிறது, கோடுகளின் கணக்குக்குப் புதிய எண். இரண்டு தரப்பும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.